பதினைந்து நிமிடம் என்று எழுதியவள்

ஒரு லாரியைக் காலையில் எடுப்பதற்கு முன்னால் அதை எவ்வளவு நேரம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு, பதினைந்து நிமிடம் என்று பதில் எழுதியது நான்தான். எழுதிய அன்றுவரை எந்த லாரிக்கு அடியிலும் நான் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் டிரான்ஸ்போர்ட்டின் யார்டு வரும். பதினெட்டு வண்டிகள். மாடியில் தகரக் கூரை போட்ட ஆபீஸ். எந்த வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. எங்களிடம் லோடு கொடுக்கும் ஒரு தொழிற்சாலை, டிரைவர்கள் தினமும் வண்டியைச் சோதிக்கிறார்களா, அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டது. மேனேஜர் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்து, நீங்களே ஏதாவது ஒன்று போட்டுக் கொடுங்கள் என்றார்.

நான் போட்டேன். டயர், விளக்கு, ஹார்ன், கண்ணாடி, பிரேக், ஆயில் என்று எழுதிக்கொண்டே போனால் இருபத்திரண்டு அயிட்டம் வந்தது. ஒன்றுக்கு நாற்பது நொடி. பெருக்கிப் பார்த்தால் பதினாலு நிமிடம் நாற்பது நொடி. மீதி இருபது நொடியைப் பெரிய மனதோடு டிரைவர்களுக்கு விட்டுக்கொடுத்தேன்.

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. மறைப்பதற்கில்லை. நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறை தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அப்பா முப்பது வருடம் தினமும் சாயங்காலம் கேட்டில் டிபன் பையைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பையைக் காட்டாமல் போகிறவனைத்தான் பார்க்க வேண்டும் என்பார். அந்தப் பேச்சு எனக்குள் நன்றாக ஊறிவிட்டது. பூந்தமல்லியில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி வந்தால் கீழே போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். என் கணவர் ஐடியில் வேலை பார்க்கிறவர், சாது. உனக்கு போலீஸில் வேலை கிடைத்திருக்க வேண்டும் என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார்.

சோதனையைப் பதிவு செய்ய ஒரு ஆப் வாங்கினார்கள். டிரைவர் தன் போனில் 'ஆரம்பம்' என்பதை அமுக்க வேண்டும், இருபத்திரண்டு கட்டங்களில் டிக் போட வேண்டும், டயரைப் படம் பிடிக்க வேண்டும், கடைசியில் 'முடிந்தது' என்று அமுக்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனது என்பது என் திரையில் வந்துவிடும். முதல் வாரம் வந்த கணக்கைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், ஒரு மகானுபாவர் ஐம்பது நொடி. ஐம்பது நொடியில் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி நடக்கக்கூட முடியாது.

ஆப் செய்தவர்களிடம் சொல்லி, பதினைந்து நிமிடம் ஆகும்வரை 'முடிந்தது' பட்டனே வேலை செய்யாதபடி பூட்டு போடச் சொன்னேன். மறுநாளிலிருந்து ஒருத்தரைத் தவிர எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி பதினைந்து, பதினைந்து, பதினாறு. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மூக்கு வியர்த்தது. பதினேழு பேருக்கும் ஒரே நேரம் எப்படி ஆகும்?

விஷயம் சீக்கிரமே கிடைத்தது. 'ஆரம்பம்' அமுக்கிவிட்டு எதிர்ச் சாரியில் இருக்கும் டீக்கடைக்குப் போகிறார்கள். ஒரு டீ, பேப்பர், கொஞ்சம் அரசியல். திரும்பி வந்து வரிசையாக டிக் போட்டு முடித்துவிடுகிறார்கள். டயர்ப் படங்களை நெருக்கிப் பார்த்தேன். ஐந்து வண்டிகளின் படத்தில், டயர் ஓரமாக ஒரே பச்சை நிற பாக்குப் பொட்டலம் ஒரே கோணத்தில் கிடந்தது. ஒரு டயரைப் படம் பிடித்து ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கத்தினேன். தலையை ஆட்டினார்கள். அடுத்த நாள் பொட்டலம் இல்லாமல் படம் வந்தது.

அந்த ஒருத்தர் மட்டும் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. முப்பத்தெட்டு நிமிடம், நாற்பது, நாற்பத்திரண்டு. தினமும் அப்படித்தான்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். குமணன்சாவடி பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார், பேசினால் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். மற்ற டிரைவர்கள் அவருக்கு 'நாப்பது' என்று பேர் வைத்துவிட்டார்கள். "இன்னா நாப்பது, கெளம்பிட்டியா?" என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நேரம் குறைந்தால் சோம்பேறித்தனம் என்று எனக்குப் புரிகிறது. கூடினால் என்ன? பதினைந்து நிமிட வேலைக்கு ஒரு ஆள் தினமும் நாற்பது நிமிடம் வண்டியோடு தனியாக இருக்கிறார் என்றால் அங்கே என்ன நடக்கிறது? முதலில் டீசல் என்று நினைத்தேன். அவர் வண்டியின் டீசல் கணக்கை மூன்று மாதத்துக்கு எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருந்ததே எனக்கு இன்னும் உறுத்தியது. அப்புறம் ஸ்டெப்னி டயரை மாற்றுகிறாரோ என்று அதன் நம்பரைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அதே டயர்தான்.

அவரிடமே கேட்டிருக்கலாம். ஏன் அண்ணா இவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வரி. அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். தோன்றாமல் இல்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடுவார், அதோடு என் சந்தேகம் முடிந்துவிடும். எனக்கு அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு யார்டுக்குப் போனேன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்கு வைத்திருந்த தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் வானம் வெளுத்துவிட்டது. மாடிக்கு ஏறி, விளக்கு போடாமல் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி நின்றேன்.

ஆறு மணிக்கு வந்தார். போனில் 'ஆரம்பம்' அமுக்கினார். சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டி, தட்டிய பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். சக்கரத்து நட்டுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அடியில் படுத்துப் போய் எதையோ திறந்தார். புஸ்ஸென்று சத்தம் வந்து தண்ணீர் தெறித்தது. இதுவரைக்கும் பதினெட்டு நிமிடம். பரவாயில்லை, வேலை பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு கேபினில் ஏறினார். இஞ்சினைப் போட்டார், சில நிமிடம் ஓடவிட்டார், அணைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்டியரிங்கில் இரண்டு கை, தலை கொஞ்சம் குனிந்து, ஒரு அசைவு இல்லை. ஐந்து நிமிடம். இறங்கி மறுபடியும் அடியில் போனார், வந்தார், மறுபடியும் இஞ்சினைப் போட்டு அணைத்தார், மறுபடியும் அதே கோலத்தில் உட்கார்ந்தார். இன்னும் ஆறு நிமிடம். நான் போனில் வீடியோ எடுத்தேன். எனக்குள் ஏற்பட்ட திருப்தியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மாட்டினார் என்று நினைத்தேன். தூங்குகிறார்.

அன்றைக்கே மேனேஜருக்கு மெயில் போட்டேன். சோதனை என்ற பேரில் இந்த டிரைவர் தினமும் கேபினில் உட்கார்ந்து தூங்குகிறார், வண்டி தாமதமாவதற்கு இதுதான் காரணம், வீடியோ இணைத்திருக்கிறேன் என்று எழுதினேன். லோடு ஏற்ற வண்டி தாமதமாக வருகிறது என்று தொழிற்சாலையிலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை பேச்சு வாங்கியிருந்த மேனேஜருக்கு, பழிபோட ஒரு ஆள் கிடைத்தது.

சனிக்கிழமை யார்டுக்குள் வந்ததுமே அவரைக் கூப்பிட்டார்கள். நானும் இருந்தேன். மேனேஜர் தன் போனில் வீடியோவைப் போட்டு அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். அவர் குனிந்து முழுவதும் பார்த்தார். எங்கிருந்து எடுத்தது என்று புரிந்ததும் ஜன்னலை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னை.

"தூங்கல சார். பிரேக்கு பாத்துகினு இருந்தேன்."

உட்கார்ந்துகொண்டு பிரேக் பார்ப்பாயா என்று மேனேஜர் சிரித்தார். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். மேனேஜர் இன்னும் பலமாகச் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தெனம் எய்திகினுதான கீறேன் மேடம்."

மழுப்புகிறார் என்று நினைத்தேன். எதை எழுதினார் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அந்த வண்டி வேறு ஆளுக்கு, உனக்கு மறுபடி வண்டி கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடம் எங்களிடம் ஓட்டியவர். வாதாடவில்லை. சாவியை மேசையில் வைத்தார். சாவியில் சாமி படம் போட்ட ஒரு வளையம் இருந்தது. அதை மட்டும் நிதானமாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கவில்லை. குற்றம் செய்தவன் அப்படியா இறங்குவான் என்று ஒரு முள் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அது கூடவே இருந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கே ஆபீஸில் இருந்தேன். அந்த வண்டி ஏழு பத்துக்கே கிளம்பிவிட்டது. புது டிரைவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, வேகமான பையன். சோதனை நேரம் பதினைந்து நிமிடம், இருபத்திரண்டு பச்சை டிக். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இரும்பு லோடு.

தினமும் எழுதுகிறேன் என்று பழைய டிரைவர் சொன்னதைப் பொய் என்று நிரூபித்துவிட்டால் அந்த முள் போய்விடும் என்று அவர் வண்டியின் பக்கத்தைத் திறந்தேன். நேரம், டிக், படம். எழுதினது எங்கே இருக்கிறது? அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குறிப்பு எழுத ஒரு பத்தி இருந்தது. ஆப் வந்த முதல் வாரத்திலேயே அதை என் திரையில் மறைத்து வைத்தவள் நான்தான். டிரைவர்கள் அதில் குட்மார்னிங் என்று எழுதினார்கள். கைகூப்பி வணக்கம் வைத்தார்கள். ரோஜாப்பூ அனுப்பினார்கள். நிமிடக் கணக்கைப் பார்க்க இடைஞ்சலாக இருக்கிறது என்று மூடிவிட்டேன். அந்தக் குறிப்புகள் வேறு யார் திரைக்கும் போகாது.

திறந்தேன்.

அந்த வண்டிக்கு மட்டும் இரண்டு பக்கம் வந்தது. ஒற்றை விரலால் தட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது. லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது என்பதை அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். காற்றை நிரப்பி, இஞ்சினை அணைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு மீட்டரில் முள் இறங்குகிறதா என்று அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது.

'பின்னாடி லெப்ட் காத்து எறங்குது. பிரேக்குக்கு டிக் போடல, மெக்கானிக் பாக்கணும்.'

'மெக்கானிக் வந்து பைப்பு கிளிப் டைட் பண்ணாரு. மறுபடி எறங்குது.'

'டிக் போடாம உட்டா வண்டி நிக்குதுன்னு மேனேஜர் சார் திட்னாரு. டிக் போட்டுட்டு இங்க எய்துறேன் மேடம்.'

'தெனம் கிளிப் நானே டைட் பண்றேன். ரெண்டு வாட்டி பாத்துட்டு எடுக்குறேன்.'

'காத்து கொறஞ்சா அடிக்கிற பஸ்ஸர் கத்தல மேடம். ரெண்டு மாசமா கத்தல.'

கடைசிக் குறிப்பு, நான் ஜன்னலில் நின்று வீடியோ எடுத்த வெள்ளிக்கிழமையுடையது. 'பைப்பு வெடிப்பு உட்டுக்கீது. மாத்தணும். கிளிப் தாங்காது. மேடம் பாருங்க.'

வாயால் சொன்னால் என்ன என்று ஒரு கோபம் வந்தது எனக்கு, அந்த நிலையிலும். அதற்கும் பதில் என் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. வாய்மொழிப் புகார் ஏற்கப்படாது, அனைத்தும் ஆப் வழியாக மட்டுமே. சொன்னேன் என்று டிரைவரும், சொல்லவில்லை என்று மெக்கானிக்கும் சண்டை போட்டுக்கொண்டதில், இரண்டு பேரையும் நம்பாமல் நானே அடித்து ஒட்டியது. என் கையெழுத்து இருந்தது.

புது டிரைவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்பதும் நான் போட்ட உத்தரவுதான். நாலு முறை அடித்தேன். திரையில் வண்டியின் புள்ளி பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி வேலப்பன்சாவடிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் பழைய டிரைவருக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அழுதுவிடுவேன் போல இருந்தது. குறிப்பெல்லாம் இப்போதுதான் படித்தேன் என்று எப்படியோ சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வண்டி எங்க கீது?" என்றுதான் கேட்டார். சொன்னேன். இன்ன லோடு என்றும் சொன்னேன். தான் வேலப்பன்சாவடிக்குத்தான் கிட்டே இருப்பதாகவும், பைக்கில் போய் மறிப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டார். நான் மேனேஜருக்குக்கூடச் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். கிளம்புவதற்கு முன்னால் திரையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தபோது புள்ளி நகரவில்லை.

அங்கே போய்ச் சேர இருபது நிமிடம் பிடித்தது. வழியெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

வண்டி நடு ரோட்டில் நின்றிருந்தது. பைப் மொத்தமாகப் பிய்ந்து காற்று இறங்கியதும், பின் சக்கரங்கள் தானாகவே இறுகிவிட்டிருக்கின்றன. அப்படி ஒரு அமைப்பு லாரியில் இருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பத்து பதினைந்து அடிக்கு ரோட்டில் கறுப்புக் கோடு. பின்னால் ஒரு கல்லூரி பஸ். லாரியின் பின்கதவுக்கும் பஸ்ஸின் கண்ணாடிக்கும் நடுவே நான் இரண்டு கையையும் விரித்தால் தொட்டுவிடலாம். பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே இன்னும் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நான் போக்குவரத்துப் போலீஸிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்போதும் நம்பிக்கை வராமல் பஸ் டிரைவரிடமும் போய்க் கேட்டேன்.

புதுப் பையன் நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து போனை நீட்டினான். பதினைந்து நிமிடம் சரியாகச் செக் செய்தேன் மேடம், ஆப்பிலேயே இருக்கிறது பாருங்கள் என்றான். இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நான் கேட்டதைத்தான் அவன் கொடுத்திருந்தான்.

பழைய டிரைவர் ஏற்கெனவே வண்டிக்கு அடியில் இருந்தார். காலிரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. யாரோ பைக்கில் போய்ப் பைப் வாங்கி வந்தார்கள். மாட்டிவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கேபினில் ஏறினார். இஞ்சினைப் போட்டு, காற்று நிரம்பவிட்டு, அணைத்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, தலை கொஞ்சம் குனிந்து, அசையாமல் உட்கார்ந்தார். பின்னால் மதுரவாயல் போகிற வண்டியெல்லாம் ஹார்னை அழுத்திக்கொண்டு நின்றன. போலீஸ்காரர் கதவைத் தட்டி, சரி செய்தாகிவிட்டதல்லவா, எடு எடு என்றார். மேனேஜர் என் போனில் கத்திக்கொண்டிருந்தார். கேபினில் இருந்தவர் எதற்கும் திரும்பவில்லை. நான் படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். அவர் கண்கள் நன்றாகத் திறந்து, மீட்டரின் முள்மேல் இருந்தன. மாடி ஜன்னலிலிருந்து அது தெரியவே தெரியாது.

நான் இறங்கிப் போய் போலீஸ்காரரிடம், அவர் சொல்லும்வரைக்கும் எடுக்க முடியாது சார் என்றேன். நாலு நல்ல வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொழிற்சாலைக்கு விளக்கம் எழுத வேண்டும். பைப் எதிர்பாராமல் வெடித்தது என்று எழுதினால் போதும், குறிப்பு, அது இது என்று எதையும் இழுக்க வேண்டாம், உங்களுக்கும் அதுதான் நல்லது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, எனக்கு அதுதான் நல்லது. அன்று மதியம் அந்தக் கடிதத்தை அப்படியே எழுதியும்விட்டேன். எதிர்பாராமல் என்ற வார்த்தையைத் தட்டச்சு செய்தபோது என் விரல்கள்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அழித்துவிட்டு, குறிப்புகளை எல்லாம் அச்செடுத்து இணைத்து, இவை என் திரையில் மறைக்கப்பட்டிருந்தன, மறைத்தது நான் என்று எழுதி, மேனேஜர் மேசையில் வைத்தேன். அனுப்புவதானால் இதைத்தான் அனுப்புவேன், பழைய டிரைவருக்கு வண்டியைத் திருப்பிக் கொடுங்கள், எல்லா வண்டிக்கும் பிரேக் பைப்பை மாற்றுங்கள், அதையும் இதோடு சேர்த்து எழுதி அனுப்பலாம் என்றேன். மேனேஜர் அந்தக் காகிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தேவைக்கு மேல் என்னிடம் பேசுவதில்லை. வேலை இருக்கிறது. எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது.

பழைய டிரைவர் திரும்பி வந்தார். நான் மன்னிப்பு கேட்டேன். "சரி மேடம்" என்றார், அவ்வளவுதான். அதை மன்னித்ததாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பதினைந்து நிமிடப் பூட்டை எடுத்துவிடச் சொன்னேன். அப்புறம் எத்தனை நிமிடம் போடுவது என்று ஆப்காரர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன், காலியாக விடுங்கள் என்றேன். கட்டம் காலியாக இருக்க முடியாதாம். பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது அவருக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஆகிறது. கூடுதல் ஐந்து நிமிடம் எனக்காக. சோதனையை முடித்ததும் ஒவ்வொரு நாளும் மாடியேறி வருவார். அவருக்காகவே நானும் ஆறரைக்கெல்லாம் வந்துவிடுகிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்.

"பட்ச்சீங்களா மேடம்?"

"படிச்சேன் அண்ணா."

"இன்னா எய்திகீது, சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டும். முன் பக்கம் வலது டயர் தேய்மானம், கண்ணாடி லூஸ், இப்படி. சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், படித்துச் சொல்கிறேனா, சும்மா சொல்கிறேனா என்று. சொல்லி முடித்த பிறகுதான் படியிறங்குவார். முதல் சில நாள் எனக்கு முகம் எரிந்தது. என் வயதுக்கு, என் வேலைக்கு இது தேவையா என்று நினைத்தேன். கேட்டில் பையைத் திறந்து காட்டுவதற்கு எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்கு லோடு மாறிவிட்டது. போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்று, படித்தீர்களா என்று கேட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, படித்தேன் என்று தலையை ஆட்டினேன். படித்திருக்கவில்லை.

அவர் சாவியை என் மேசையில் வைத்தார். சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். கீழே லோடு ஏற்றி நிற்கிற வண்டி. மேனேஜர் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நான் போனை வைத்தேன். திரையைத் திறந்து அவர் வண்டியைத் தேடி, குறிப்பைப் படித்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, அவர் கேட்பதற்கு முன்னாலேயே, எழுதியிருந்ததை அப்படியே வாய்விட்டுச் சொன்னேன்.

"எல்லாம் சரியா கீது."

அவர் எழுந்து வந்து சாவியை எடுத்துக்கொண்டார்.